கொழும்பை விட்டகல்வோர் எங்கே குடியேறுவது?

கொழும்பு மாநகரிலே வாடகைக்குக் குடியிருந்து பிழைக்கும் மலையகத் தமிழ்க் குடும்பங்களிடையே அண்மைக் காலமாக ஒரு கேள்வி வலுத்து வருகின்றது. இந்நகரத்தில் இனியும் காலந்தள்ள இயலுமா? இயலாதெனின் எங்கே போவது? கொட்டாஞ்சேனையிலும் தெமட்டகொடையிலும் வெள்ளவத்தையிலும் வத்தளையிலும் மாதம் பிறக்கும்போதெல்லாம் இக்கேள்வியும் உடன் பிறக்கின்றது. ஹட்டனுக்குப் போவோம் என்கிறார் கணவர். பிள்ளைகளின் படிப்பு என்னாவது என்கிறார் மனைவி. வவுனியாவிலே காணி மலிவு என்கிறார் அலுவலக நண்பர். றொசல்லவிலே தோட்டத்து லயத்தில் இருக்கும் வயோதிபத் தாயோ, வா என்று சொல்லவும் இடமின்றி, வராதே என்று சொல்லவும் மனமின்றித் தவிக்கிறாள். இதனைக் குடும்ப வரவு செலவுக் கேள்வி என்று ஒதுக்கிவிடுவோர் உளர். நாம் அவ்வாறு ஒதுக்கவில்லை. ஒரு சமூகத்தின் படித்த தலைமுறை அடுத்து எங்கே கால் ஊன்றப் போகின்றது என்பதே ஈண்டு எழுந்துள்ள பிரச்சினை.

மலையகத்தார் கொழும்புக்கு வந்த வரலாறு நெடியது. முதலிலே புறக்கோட்டைக் கடைகளுக்குப் பையன்களும், செல்வர் வீடுகளுக்கு வேலைக்காரச் சிறுமியருமாக வந்தனர். அவர்களுக்குப் பின் வந்தது பள்ளிக்கூடம் கண்ட தலைமுறை. ஆசிரியர், கணக்காளர், தாதியர், சட்டத்தரணி, வங்கி உத்தியோகத்தர், கணினித் துறையினர் எனப் பல தொழில்களில் இன்று அவர்கள் அமர்ந்துள்ளனர். தாய் கொழுந்து பறித்த கூலியிலே படித்துத் தலைநகரில் நிமிர்ந்து நின்ற இத்தலைமுறையைத்தான் 2022ஆம் ஆண்டு வந்து தாக்கியது. அவ்வாண்டு ஏப்ரல் 12ஆம் நாள் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென்று அரசாங்கம் கையை விரித்தது. ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரி 75 சதவீதம் கூடிற்று. அடுத்த பெப்ருவரியில் மேலும் 66 சதவீதம். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறக்குறைய 70 சதவீதத்தைத் தொட்டது. பின்னர் அது தணிந்தது உண்மையே. ஆனால், தணிந்தது விலை ஏறும் வேகமேயன்றி, ஏறிய விலையன்று. ஏற்றிய வாடகையை இறக்கிய வீட்டுக்காரர் எவரையும் நாம் கேள்விப்படவில்லை.

வாடகைக் குடித்தனத்தின் குறை பணச்செலவு மாத்திரமன்று. பல மாத வாடகையை, சில இடங்களில் ஓராண்டு வாடகையையே முற்பணமாகக் கேட்கின்றனர். ஒப்பந்தம் முடியுந்தோறும் தொகை கூடுகின்றது. மறுத்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான். 2007ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் முந்நூற்றுக்கு மேற்பட்டோரைப் பேருந்துகளில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்களே, அதனை இவ்விடத்தில் நினைவூட்டாதிருக்க இயலவில்லை. மறுநாள் உயர் நீதிமன்றம் தடையுத்தரவு விதித்த பின்னரே அந்தச் செயல் நின்றது. பழைய புண்ணைக் கிளறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. இருக்கும் இடத்துக்கு உறுதி இல்லாதவனை எவ்வளவு எளிதாகப் பெயர்த்தெறியலாம் என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேறில்லை என்பதற்காகவே சொல்லுகின்றோம்.

கொழும்பு வாழ்க்கை கசந்தால் யாழ்ப்பாணத்தவர் என்ன செய்கிறார்? போரினால் சிதைந்ததாயினும், வேலி அறுந்ததாயினும், தம் பாட்டன் பெயரிலுள்ள வளவுக்குத் திரும்பலாம். மாத்தறைச் சிங்களவருக்கு மகாகெதர என்று அவர் சொல்லும் பெரியவீடு இருக்கின்றது. இரத்தினபுரி விவசாயியின் மகனுக்கு அரை ஏக்கர் இறப்பராவது மிஞ்சியிருக்கும். நகரத்தை விட்டுப் போவதென்றால் அவர்களுக்கெல்லாம் அது ஊருக்குத் திரும்புதல். மலையகத் தமிழருக்கோ திரும்புவதற்கு ஊர் உண்டு, ஊரிலே உறவு உண்டு, கோயில் உண்டு, மாரியம்மன் திருவிழா உண்டு. தம் பெயரில் ஓரடி மண் இல்லை. ஆகவே, கொழும்பை விட்டு எங்கே போவதென்று ஆராயுமிடத்து, வாடகை எங்கே மலிவு, சாமான் எங்கே மலிவு என்ற கணக்கெல்லாம் பின்னுக்கு நிற்க வேண்டியவை. எந்த இடத்திலே நம் பெயரில் காணி உறுதி எழுதப்படும் என்பதே முதற்கேள்வி. இந்த உரைகல்லைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் இடமாக உரைத்துப் பார்ப்போம்.

முதலில் பிறந்த தோட்டத்தையே எடுத்துக்கொள்வோம். றொசல்லவைப் புகையிரதத்திலே கடந்து போகாத மலையகத்தார் அரியர். வட்டவளையைத் தாண்டி ஹட்டனுக்கு ஏறும் வழியில் அமைந்த சிறு நிலையம் அது. 1884ஆம் ஆண்டிலே ஹட்டன் வரை இருப்புப்பாதை போடப்பட்டபோது அவ்வழியே இறங்கி வந்தது தேயிலை. ஏறிச் சென்றது அரிசியும் துரைமாரும். கொழும்பு வீதியும் அருகிலேயே செல்கின்றது. நாட்டிலே மழை மிகுந்த பகுதிகளுள் ஒன்று வட்டவளைப் பக்கம் என்பதை யாவரும் அறிவர். பசுமையைப் பார்த்துப் பயணிகள் வியக்கின்றனர். அந்தப் பசுமைக்குள்ளே கிடக்கும் லயத்தைப் பற்றி அவர்கட்கு எவரும் சொல்வதில்லை.

லயத்துக் காம்பிரா என்பது பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்கு முன்னால் ஒரு திண்ணை, அதை மறைத்து எழுப்பிய அடுப்படி. அண்ணன் குடும்பம் ஒரு மூலை, தாய் ஒரு மூலை. கொழும்பிலிருந்து மனைவி மக்களோடு திரும்புபவருக்கு எந்த மூலை? இடநெருக்கத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்தக் காம்பிரா யாருடையது என்ற கேள்விக்கு விடை காண்பதுதான் கடினம். 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. பின்னர் அவ்வாண்டிலிருந்தே கணக்கிட்டு 53 ஆண்டுக் குத்தகையும் எழுதிக் கொடுக்கப்பட்டது. அக்குத்தகை 2045இல் முடியும். நிலம் அரசாங்கத்துக்கு, குத்தகை கம்பனிக்கு, உழைப்பு தொழிலாளிக்கு என்று பங்கீடு நடந்தேறியபோது, ஐந்தாறு தலைமுறையாகக் குடியிருந்தவனின் உரிமையை எந்தப் பத்திரத்திலும் எவரும் குறிக்கவில்லை. வீட்டிலே ஒருவராவது பேர் போட்டு வேலை செய்ய வேண்டும் என்ற எழுதாச் சட்டம் வேறு பல தோட்டங்களில் வழங்குகின்றது. கணக்காளரான மகன் காம்பிராவுக்குத் திரும்பினால், அவர் எந்தக் கணக்கிலே அங்கே குடியிருப்பார்? கூரையை உயர்த்தத் தோட்ட நிர்வாகத்தின் இசைவு வேண்டும். உறுதி இல்லாத வீட்டை ஈடாக வைத்து வங்கி கடன் தராது. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம் 2018இல் திருத்தப்படும்வரை, தோட்டத்துக் குடியிருப்புக்கு ஒரு பாதை போடவும் பிரதேச சபைக்கு அதிகாரம் இருக்கவில்லை என்பதை எத்தனை பேர் அறிவர்? வரி கொடுப்பவனும் வாக்குப் போடுபவனும் வாழ்ந்த இடம், சபையின் கண்ணுக்கு ஊராகவே தோன்றவில்லை!

இனி, ஏழு பேர்ச் காணித் திட்டம் இருக்கின்றதே என்பர். இருக்கின்றது; அதனை நாம் இகழவில்லை. லயத்தைவிட்டுத் தனிவீடு, அதற்கோர் உறுதி என்ற கொள்கையை அரசாங்கம் ஏற்றதே பெரிய காரியம். இந்தியாவின் உதவியால் 4,000 வீடுகள் எழுந்தன. 2017 மே 12ஆம் நாள் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். அவ்வறிவிப்புக்கும் அத்திவாரத்துக்கும் இடையே ஆண்டுகள் பல உருண்டோடின. ஏழு பேர்ச் என்பது 1,900 சதுர அடியைச் சற்றே கடந்த நிலம். வீடு கட்டி, மலசலகூடம் கட்டி, படிக்கட்டு வெட்டினால் முருங்கை ஒன்று நட இடம் மிஞ்சும். விவசாயம் செய்து பிழைக்க அது போதாது. பிழைப்புக்கு மறுபடியும் கொழுந்துக் கூடையையே நாட வேண்டும். அந்தக் கூடையின் கதியோ, நாட்சம்பளம் 1,350 ரூபாவை எட்டவே 2024 செப்டெம்பர் ஆயிற்று. கொழும்பிலிருந்து திரும்பும் குடும்பத்துக்கோ ஏழு பேர்ச்சும் எளிதிற் கிடைப்பதன்று. பட்டியலில் முதலிடம் தோட்டத்தில் வேலை செய்வோருக்கே. வெளியே போய்விட்டவன் வரிசையின் வால்.

மலைநாட்டிலே காணி தேடுவோர் மறக்கக்கூடாத இன்னொன்று சரிவு. 2025 நவம்பர் இறுதியில் வந்த தித்வா சூறாவளி அறுநூற்றுக்கு மேற்பட்ட உயிர்களை நாட்டிலே குடித்தது. பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களில் மலைகள் பெயர்ந்து வீடுகளின்மேல் விழுந்தன. மலைநாட்டு இருப்புப்பாதை பல இடங்களில் அறுந்து தொங்கிற்று. மாண்டவர்களிலே பலர் தாம் வாழும் இடத்தைத் தாமே தெரிந்தெடுத்தவரல்லர். துரையின் பங்களா நல்ல மேட்டிலே காற்றோட்டமாக நிற்கும். லயம் கான் ஓரத்திலும் சரிவின் அடியிலும் நிற்கும். வெள்ளையன் காலத்தில் இட்ட அந்தக் கோடு இன்றும் அழியவில்லை. ஆதலின், மலிவாகக் கிடைக்கின்றதென்று வெட்டிய மண்மேட்டின் அடியிலே பத்துப் பேர்ச்சை வாங்கி, கொழும்பிலே சேர்த்த பணத்தையெல்லாம் அதிலே புதைக்க முனையும் நண்பர்களைக் கைகூப்பி வேண்டுகின்றோம்: தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசைப் பெறாமல் ஒரு கல்லும் வைக்காதீர்கள். மண் ஆய்வுக்குச் செலவாகும் பணம், முழு வீட்டையும் இழப்பதோடு ஒப்பிட ஒன்றுமே இல்லை.

அடுத்து வன்னி. தித்வாவின் பின் 2025 டிசம்பரிலே, மலையகத்தார் விரும்பினால் வடகிழக்கில் வந்து குடியேறலாம் என்ற அழைப்புக் குரல் தமிழ் அரசியலரங்கில் எழுந்தது. அக்குரலை நாம் நன்றியோடு செவிமடுக்கின்றோம். ஆயினும் இது முதல் அழைப்பன்று, முதற் பயணமுமன்று. 1973, 1974ஆம் ஆண்டுகளில் தோட்டங்களிலே பஞ்சம் தலைவிரித்தாடியபோது வன்னிக்கு நடந்தோர் உண்டு. 1977 ஓகஸ்டிலும், 1981இலும், 1983 ஜூலையிலும் லயங்கள் எரிந்தபோது உடுத்த துணியோடு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் சென்றோர் பல்லாயிரவர். அவர்களைக் குடியேற்றப் பாடுபட்ட காந்தியம் இயக்கத்தின் எஸ். ஏ. டேவிட்டும் வைத்தியர் இராஜசுந்தரமும் 1983 ஏப்ரலில் சிறைப்படுத்தப்பட்டனர். அவ்வாண்டு ஜூலை 27ஆம் நாள் வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். அகதிக்கு அரை ஏக்கர் காடு வெட்டிக் கொடுத்தவருக்கு இந்நாடு வழங்கிய பரிசு அது.

அன்று சென்றோர் இன்று எப்படி வாழ்கின்றனர்? கிளிநொச்சியிலே மலையாளபுரம், பாரதிபுரம், கிருஷ்ணபுரம் முதலிய ஊர்களுக்குச் சென்று பாருங்கள். இரணைமடுக் குளம் அண்மையில் இருந்தும் வாய்க்கால் நீர் எட்டாத மேட்டுக் காணியிலே பலர் குடியிருத்தப்பட்டனர். நெற்காணி பழைய குடிகளுக்கு. அந்நெல்லை அறுக்கும் கூலி புதுக் குடிகளுக்கு. காணிக்குப் பத்திரம் இன்றிப் பல்லாண்டு காத்திருந்தோர் அவர்களுள் மிகப் பலர். 2009இல் போர் முடிந்தபோது, அந்தப் போரின் கடைசி மாதங்களில் தம்மவரைப் பறிகொடுத்தோரிலும் அவர்கள் ஏராளம். இதற்கும் மேலாக, தோட்டக்காட்டார் என்ற சொல்லையும் அவர்கள் கேட்டார்கள். சொன்னவர் தமிழரே. இதனை மறைத்து எழுதுவது நேர்மையன்று.

ஆகையால், பரந்தனிலும் உருத்திரபுரத்திலும் முரசுமோட்டையிலும் மண்ணோடு மண்ணாக உழைக்கும் விவசாயப் பெருமக்களிடம் ஒன்று கேட்க விரும்புகின்றோம். மலையகத்தாரை அழைப்பது அயலவராக வாழவா, அறுவடைக்கு ஆள் போதாமையினாலா? அயலவராக என்றால், அழைப்புடன் மூன்று பொருள் வரவேண்டும்: வருபவர் பெயரில் உறுதி, அந்த நிலத்துக்கு நீர், கோயிலிலும் சங்கத்திலும் சம இருக்கை. கூலிக்கு ஆள் தேவையென்றால் அதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். நியாயமான கூலி பேசி, வேலை முடிந்து ஊர் திரும்பலாம், குற்றமில்லை. முதலாவதைச் சொல்லி இரண்டாவதைச் செய்வதையே நாம் எதிர்க்கின்றோம்.

வன்னியின் நன்மைகளையும் மறைக்கலாகாது. சமநிலம், மலை சரிந்து விழாது. கச்சேரியிலும் பொலிஸ் நிலையத்திலும் தமிழிலே பேசலாம், தமிழிலே எழுதலாம். நுவரெலியா மாவட்டத்தில் இந்த எளிய உரிமைக்காக இன்னும் அலைகின்றோமே! தமிழ்ப் பாடசாலை, பக்கத்திலே பல்கலைக்கழகம், நெல் விளையும் வயல். கந்தப்பளையிலும் இராகலையிலும் லீக்சும் கரட்டும் உருளைக்கிழங்கும் பயிரிட்டுத் தேர்ந்த கைகளுக்கு வெங்காயமும் மிளகாயும் நிலக்கடலையும் எட்டாத வித்தையல்ல. இரண்டு போகம் பார்த்தால் கைவந்துவிடும். உடல் வருந்தி உழைக்க ஆயத்தமாயுள்ள, கொழும்பிலே கடைச் சிப்பந்தியாகக் காலங்கழித்த ஓர் இளைஞருக்கு வன்னி நல்ல வாய்ப்பே. ஆனால், அனுமதிப்பத்திரம் வேறு, உறுதி வேறு என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வழங்கப்படும் அனுமதிப்பத்திரம், பயிர் செய்யவும் குடியிருக்கவும் இடந்தரும். நினைத்தபடி விற்கவோ ஈடுவைக்கவோ இடந்தராது. அத்தகைய காணிகளை முழு உரிமையாக்குவதற்கென 2024இல் உறுமய என்ற திட்டம் தொடங்கப்பட்டது என்பதையும் நினைவிற்கொள்க. வாய்மொழியாகக் காணி தருகிறேன் என்பவரிடம் முற்பணம் கொடுப்பது மடமை.

சிலர் கடல் கடக்க எண்ணுகின்றனர். தமிழ்நாட்டிலே பாட்டன் ஊர் திருச்சிப் பக்கம், புதுக்கோட்டைப் பக்கம் என்ற நினைவு அவர்களுக்கு. 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையிலே 9,75,000 மக்களைப் பங்கு போட்டார்களே, அவர்களைக் கேட்டா பங்கு போட்டார்கள்? 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் 1974இல் பாதிக்குப் பாதியாகப் பிரித்தனர். கப்பலேறிச் சென்றோர் பலரை நீலகிரியிலும் கூடலூர்ப் பக்கத்திலும் வால்பாறையிலும் தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டத்திலேயே மறுபடியும் நிறுத்தினார்கள். 1968இல் தொடங்கி 1976இல் கழகமாக்கப்பட்ட டான்டீ என்னும் நிறுவனம் அது. இங்கே இந்தியத் தமிழர் என்று அழைக்கப்பட்டவர் அங்கே சிலோன்காரர் ஆனார். கூடை மாறவில்லை, லயமும் பெரிதாக மாறவில்லை. ஓய்வு பெற்றால் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். 2022இல் அக்கழகத்தின் நிலத்தில் 2,152 எக்டேரை வனத்துறையிடம் திருப்பி ஒப்படைக்கத் தமிழ்நாடு அரசு முடிவு செய்தபோது, அரை நூற்றாண்டுக்கு முன் தாயகம் திரும்பிய குடும்பங்கள் இனி எங்கே என்று திகைத்து நின்றன. வேலையோடு கட்டிய வீடு வேலை போகும்போது உடன் போகும் என்பதை நீலகிரி நமக்குச் சொல்லுகின்றது. அதே காரணத்துக்காகவே றொசல்ல லயத்தையும் நாம் ஏற்கவில்லை. வளைகுடா நாடுகளைப் பற்றி ஈண்டு விரிக்க வேண்டியதில்லை. அங்கே போவது பணம் தேடுவதற்கு, குடியேறுவதற்கன்று.

எஞ்சியிருப்பவை மலையகத்து நகரங்கள்: ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, நுவரெலியா, சற்றே கீழிறங்கினால் கினிகத்தேனை, நாவலப்பிட்டி. நமது தெரிவு இவையே. கொழும்பை விட்டகலும் படித்த குடும்பம் லயத்துக்குத் திரும்பலாகாது. லயத்துக்கு அருகே, தன் பெயரில் உறுதி முடித்த நிலத்திலே குடியேற வேண்டும். ஆசிரியருக்கும் தாதியருக்கும் இடமாற்றம் கேட்டுப் பெறும் வழி உண்டு. கணக்கெழுதுவோரும் கணினித் துறையினரும் வேலையை மடியிலே தூக்கிச் செல்லும் காலம் இது. 2020இல் தொற்றுநோய் வந்தபோது கொழும்பு அலுவலகங்களே அதனைக் கற்றுக் கொடுத்தன. மின்சாரம் அடிக்கடி தடைப்படும், மழைநாளில் இணையத்தொடர்பு அறுந்துபோகும், இவை தொல்லைகள்தாம். கொழும்பு வாடகை அதனினும் பெருந்தொல்லை. பிள்ளைகளுக்கு ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரி போன்ற பெயர்பெற்ற பாடசாலை உண்டு. டிக்கோயாவில் 2017இல் திறக்கப்பட்ட கிளங்கன் ஆதார வைத்தியசாலை உண்டு. பெரிய சத்திரசிகிச்சைக்குக் கண்டிக்குப் போகத்தான் வேண்டும்.

அரசியற் காரணம் ஒன்றும் உண்டு. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தாலும் அதன்பின் வந்த தேர்தற் சட்டத் திருத்தத்தாலும் வாக்கிழந்த நம் மக்கள், 1952 தேர்தலிலே ஒரு பிரதிநிதியையும் அனுப்ப இயலாதோராயினர். 1977இல் நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியில் சௌமியமூர்த்தி தொண்டமான் தெரிவாகும்வரை அந்த இருள் நீடித்தது. எஞ்சியிருந்தோரின் குடியுரிமைப் பிரச்சினை தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. இவ்வளவு பாடுபட்டுப் பெற்ற வாக்கைக் கொழும்பிலும் வத்தளையிலும் சிதறவிட்டு, மலையகத்திலே தலைமை இல்லை, தலைமை இல்லை என்று புலம்புவதில் பொருளென்ன? பிரதேச சபையிலே வரவு செலவுத் திட்டத்தை வாசித்து விளங்கிக்கொண்டு கேள்வி கேட்க ஒரு கணக்காளர் வேண்டும். தோட்ட நிர்வாகத்தின் கடிதத்துக்குப் பதிலெழுத ஒரு சட்டத்தரணி வேண்டும். அவர்கள் வெள்ளவத்தையிலிருந்து வாரவிடுமுறைக்கு வந்து போனால் போதாது.

ஹட்டனிலே காணி விலை கொள்ளை விலையல்லவா என்று கேட்பீர்கள். உண்மையே, அதன் காரணத்தையும் பாருங்கள். நகரம் ஒரு சிறு திட்டு, சுற்றிலும் தோட்டம். தோட்டக் காணி விற்பனைக்கு வராது. திட்டுக்குள் இருக்கும் சில பேர்ச்சுக்கு எல்லோரும் முட்டி மோதுவதால் விலை ஏறுகின்றது. இஃது இயற்கையால் வந்த பஞ்சமன்று. குத்தகைப் பத்திரத்தால் வந்த பஞ்சம். நகரங்களை ஒட்டித் தேயிலை பயன் தராது கிடக்கும் காணிகளை, சரிவு ஆய்வு செய்து, குத்தகையிலிருந்து விடுவித்து, தோட்டத்தில் வேலை செய்வோர்க்கும் தோட்டத்தை விட்டுத் தொழில் தேடிப் போனோர்க்கும் ஒருசேர வழங்க அரசாங்கத்தால் முடியும். உரிமையாளர் அரசாங்கமே அன்றோ! 2045 வரை காத்திருக்கச் சொல்வது இன்னொரு தலைமுறையைக் காம்பிராவுக்குள் அடைத்து வைப்பதாகும்.

அதுவரை கைகட்டி நிற்கவும் வேண்டியதில்லை. தனியொருவரால் வாங்க இயலாத அரை ஏக்கரை நாலைந்து குடும்பங்கள் சேர்ந்தால் வாங்கலாம். நம்பகமான நொத்தாரிசைக் கொண்டு முப்பதாண்டுப் பதிவேட்டைத் தேடுவியுங்கள். நில அளவையாளரைக் கொண்டு பிரித்து அளந்து, உள்ளூராட்சிச் சபையின் அங்கீகாரம் பெற்ற வரைபடத்தின்படி தனித்தனி உறுதி முடியுங்கள். பொதுப் பாதையும் நீர் வடியும் வழியும் அவ்வுறுதியில் எழுதப்பட்டிருக்க வேண்டும். வாய்ப்பேச்சிலே விட்ட பாதையால் பகையான உறவுகளை நாம் கண்டிருக்கின்றோம். மனைவியின் பெயரையும் உறுதியிலே சேருங்கள். கொழும்பு ஆடைத் தொழிற்சாலையிலும் பிறர் வீட்டு அடுப்படியிலும் உழைத்து அந்தப் பணத்தில் பாதியைச் சேர்த்தவள் அவளே. அரச காணியின் வழியுரிமையிலே ஆணுக்கு முதலிடம் தந்த பழைய விதி 2022இல் மாற்றப்பட்டிருக்க, நம் வீட்டு விதி மாறாதிருப்பது அழகன்று.

கொழும்பிலே கடைச் சிப்பந்தியாகவும் நாட்கூலியாகவும் உள்ளோருக்கு இந்த யோசனை முழுதும் பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கின்றோம். அவர்கள் தொழில் கொழும்பிலே இருக்கின்றது. ஹட்டனிலே அத்தனை கடைகள் இல்லை. அவர்களிலே நிலத்தில் இறங்கக்கூடியவர் உறுதியும் நீரும் உள்ள வன்னிக் காணியை நாடலாம். ஏனையோர் இப்போதைக்குக் கொழும்பிலேயே இருந்து, குடும்பத்தை மலைநாட்டில் வைத்து, தாம் மட்டும் அறையொன்றைப் பகிர்ந்து வாழ்வதே தகும். அது பிரிவுத் துயர் நிறைந்த வாழ்க்கை. அதற்கு மாற்று மலையகத்திலே தொழில்கள் தோன்றுவதே. அது தனியே எழுத வேண்டிய விஷயம்.

2023ஆம் ஆண்டு நம் முன்னோர் இந்நாட்டுக்கு வந்த 200ஆம் ஆண்டு என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தோம். அந்நடையின்போது மேடைதோறும் காணி உரிமை பேசப்பட்டது. பேசிய கட்சிகள் யாவற்றுக்கும் பாராளுமன்றத்தில் உறுப்பினர் இருந்தனர், இருக்கின்றனர். அவர்களிடம் நாம் கேட்பது ஒரு பட்டியல். ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை நகரங்களைச் சூழ்ந்த தோட்டங்களில் பயிரின்றிக் கிடக்கும் காணி எத்தனை ஏக்கர், எந்தக் கம்பனியின் குத்தகையில், எந்தச் சரிவில் என்று தோட்டவாரியாக எழுதி, அடுத்த வரவு செலவுத் திட்ட விவாதத்துக்கு முன்பே அதனைச் சபையில் சமர்ப்பியுங்கள்.